நீறு பூத்த நெருப்பு: தூசுக்குள் ஒளிந்து வளரும் கருந்துளைகள்

கேட்ட நண்பர் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். தூசு மூடிய கேலக்சியின் நடுவில் ராட்சதக் கருந்துளை வேகமாக வளர்கிறது என்கிறார்களே, கருந்துளையே கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம், அதற்கு மேல் தூசு வேறு மறைக்கிறது, அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஏன் தூசு இருக்கும் இடமாகப் பார்த்து வளர்கிறது? வேகம் என்றால் எவ்வளவு வேகம்?

முதல் கேள்விக்கு நம் ஊரில் பதில் ஏற்கெனவே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. ராத்திரி சமையல் முடிந்த விறகடுப்பில் தணலை அப்படியே விட்டுவிட்டால் காலையில் மேலே சாம்பல் மட்டும்தான் தெரியும், பார்த்தால் அணைந்துபோன மாதிரி இருக்கும், ஆனால் உள்ளங்கையை மேலே காட்டினால் சுள்ளென்று தெரிந்துவிடும். கண் ஏமாறுகிறது, கை ஏமாறுவதில்லை. தூசு கேலக்சி விஷயமும் இதேதான். தூசு ஒளியை விழுங்கலாம், ஆனால் விழுங்கிய ஆற்றலை வைத்துக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியாது. சூடாகும், சூடான பொருள் அகச்சிவப்புக் கதிராக வெளியே தள்ளும். தொலைநோக்கியைக் கண்ணாக வைக்காமல் கையாக நீட்டினார்கள், அவ்வளவுதான்.

தூசு என்றதும் ஜன்னல் கம்பியில் படிவதை நினைக்க வேண்டாம். இது சிலிக்கேட்டும் கரியும் கலந்த துகள், பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, கிட்டத்தட்ட சிகரெட் புகையின் அளவு. இது எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு பொருளின் ஒளியைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமா? இடையில் உள்ள தூசை எல்லாம் அள்ளி அழுத்தி ஒரு படலமாகப் பரப்பினால் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்தான் வரும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. துகளின் அளவும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் இந்தச் சிக்கனம். அலைநீளத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் அதே தூசு சல்லடை ஆகிவிடும்.

நம் பால்வீதியின் மையமே இதற்கு நல்ல உதாரணம். அங்கே இருக்கும் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன்களின் எடை. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு துகள்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. 2 மைக்ரானுக்குச் சற்று மேலான அகச்சிவப்பில் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்று வந்துவிடுகிறது. அதை வைத்துத்தான் கருந்துளையைச் சுற்றிவரும் விண்மீன்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எடை போட்டார்கள். அதற்காக ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது.

ஆனால் கவனியுங்கள், நம்முடையது தூசுக்குப் பின்னால் இருந்தாலும் பட்டினியாகத்தான் கிடக்கிறது. ஆகவே தூசு இருக்கிறது என்பதால் மட்டும் உள்ளே விருந்து நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தூசின் சூடு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கருந்துளை ஒளிராது, சரி. அதற்குள் விழப்போகும் வாயு ஒளிரும். வாயு நேராக உள்ளே விழாது, வாஷ்பேசினில் தண்ணீர் இறங்குவதுபோலச் சுழன்று தட்டாகப் பரவி, ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறி, பிறகுதான் இறங்கும். இந்த ஏற்பாட்டில் விழும் பொருளின் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக வெளியே வருகிறது. சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிச் சம்பாதிப்பது 0.7 சதவீதம்தான். அதனால்தான் சூரியக் குடும்பம் அளவே இருக்கும் ஓர் இடம், பல்லாயிரம் கோடி விண்மீன்கள் கொண்ட கேலக்சியையே மங்கவைக்கிறது. மூடியில்லாமல் இருந்தால் அதைக் குவேசார் என்கிறோம். மூடி இருந்தால்?

1983 ஜனவரியில் ஐராஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து செய்தது, கண்ணாடி வெறும் 57 சென்டிமீட்டர், திரவ ஹீலியத்தால் குளிரூட்டியது, ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் ஓடி வானத்தின் 96 சதவீதத்தை அகச்சிவப்பில் தடவிப் பார்த்தது. சாதாரண ஒளியில் சோப்ளாங்கியாகத் தெரிந்த சில கேலக்சிகள் அகச்சிவப்பில் லட்சம் கோடி சூரியன்களைவிட அதிகமாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஆர்ப் 220 என்று ஒன்று, சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவு. இரண்டு கேலக்சிகள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இடம், அதன் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி தூசு வழியாகவே வெளியேறுகிறது.

அடுப்பில் சூடு இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. எரிவது எது? இந்தச் சண்டை பல வருடம் நடந்தது, ஆர்ப் 220 விஷயத்தில் இன்னும் முழுக்க ஓயவில்லை. ஏனென்றால் ஒரே இடத்தில் புது விண்மீன்கள் கும்பலாகப் பிறந்தாலும் தூசு சூடாகும், கருந்துளை தின்றாலும் சூடாகும். பிரித்துப் பார்க்க ஒரு வழி, சூட்டின் அளவு. விண்மீன்கள் கேலக்சி முழுக்கப் பரவிக் கிடப்பவை, அவை காய்ச்சும் தூசு பெரும்பாலும் 30 முதல் 60 கெல்வின்தான், அதாவது நமக்குக் கற்பனைக்கும் எட்டாத குளிர். கருந்துளைத் தட்டு ஒரே புள்ளியில் குவிந்த அடுப்பு. அதை ஒட்டியிருக்கும் தூசு சில நூறு கெல்வின் வரை போகும், இன்னும் நெருங்கினால் 1500 கெல்வின் வாக்கில் தூசே ஆவியாகிவிடும். ஆகவே 100 மைக்ரான் பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் விண்மீன்களைச் சந்தேகப்படலாம், 5 முதல் 25 மைக்ரான் பக்கமும் தூக்கலாக இருந்தால் நடுவில் அடுப்பு இருக்கிறது.

இன்னொரு வழி எக்ஸ் கதிர். டாக்டர் நம் எலும்பைப் பார்ப்பது போலவேதான். ஆற்றல் அதிகமுள்ள எக்ஸ் கதிர் தூசையும் வாயுவையும் துளைத்து வெளியே வரும். சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரால் 1999இல் போனதே, அதே சந்திராதான், என்ஜிசி 6240 என்ற மோதல் கேலக்சிக்குள் ஒன்றல்ல, இரண்டு கருந்துளைகள் தின்றுகொண்டிருப்பதை 2002இல் காட்டியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 3000 ஒளியாண்டு. சாப்பாட்டுப் பந்தியில் எதிரெதிராக உட்கார்ந்த மாதிரி.

ஆனால் எக்ஸ் கதிருக்கும் எல்லை உண்டு. நம் பார்வைப் பாதையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 1.5 லட்சம் கோடி கோடியைப் போல லட்சம் மடங்கு ஹைட்ரஜன் அணுக்கள் நின்றுவிட்டால் கடினமான, அதாவது ஆற்றல் அதிகமுள்ள, எக்ஸ் கதிரும் தடுமாறும். எண்ணாகச் சொன்னால் மண்டையில் ஏறாது, நிறையாக மாற்றிப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம், அதாவது ஓர் அங்குல உயரத் தண்ணீர்! பிரபஞ்சத்தின் மிகப் பிரகாசமான பொருளை எக்ஸ் கதிரிலும் மங்கவைக்க அங்குலத் தண்ணீர் போதும். (நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றோ பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதனால்தான் எக்ஸ் கதிர் தொலைநோக்கிகளை விண்வெளிக்கு அனுப்பியே ஆகவேண்டும்.) இத்தனை கனமான திரையையும் ஓரளவு ஊடுருவிப் பார்க்கத்தான் 2012இல் நியூஸ்டார் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி போனது, 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை அது பார்க்கும்.

இப்படி மறைந்து கிடப்பவை விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1962இல் ரிக்கார்டோ ஜியக்கோனி குழு, நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க ஒரு ராக்கெட்டை விட்டது. நிலா தேறவில்லை. பதிலாக வானம் முழுக்க மங்கலான எக்ஸ் கதிர்ப் பின்னணி ஒன்று இருப்பது தெரிந்தது. அந்தப் பின்னணி 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் உச்சம் தொடுகிறது. மூடியில்லாத குவேசார்களை மட்டும் கூட்டினால் அந்த வடிவம் வரவே வராது. மென்மையான கதிர்களைத் திரை தின்றுவிட்டு, கடினமானதை மட்டும் வெளியே விடும் மறைந்த கருந்துளைகள் ஏராளமாக இருந்தால்தான் கணக்கு உதைக்காமல் நிற்கும். ஆக, கருந்துளைகள் பிரபஞ்ச வரலாற்றில் சாப்பிட்ட சாப்பாட்டில் பெரும்பகுதி திரை போட்டுக்கொண்டு சாப்பிட்டதுதான்.

இனி உச்சபட்ச உதாரணத்துக்கு வருவோம். 2009 டிசம்பரில் வைஸ் என்ற செயற்கைக்கோள் போனது. 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என நான்கு அலைநீளங்களில் முழு வானத்தையும் படம் எடுத்தது. அதன் தரவில் விசித்திரமான ஒரு வகை கிடைத்தது: முதல் இரண்டு படத்திலும் கிட்டத்தட்ட ஆளையே காணோம், கடைசி இரண்டில் பளீர். இப்படி முழு வானத்திலும் சுமார் ஆயிரம். முழு நிலா அளவுத் துண்டுகளாக வானத்தை வெட்டினால் இருநூறு துண்டுக்கு ஒன்று தேறும், அவ்வளவு அரிது. இவற்றுக்கு வைத்த பெயர் ஹாட் டாக். தூசு மறைத்த கேலக்சி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் நாய் என்று அமைந்துவிட்டன, இவை சூடான வகை என்பதால் தின்பண்டமாகிவிட்டது. வானியலாளர்களின் நகைச்சுவை உணர்வு பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

அதில் ஒன்று, டபிள்யூ2246-0526, கும்ப ராசிப் பக்கம் இருக்கிறது. ஒளி அங்கிருந்து கிளம்பி 1240 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2015இல் அறிவித்தபோது தெரிந்த கேலக்சிகளிலேயே மிகப் பிரகாசமானது இதுதான், 300 லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேல். அப்புறம் கருந்துளையை எடை போட்டார்கள், சுமார் 400 கோடி சூரியன். 10 சதவீதக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறக்குறைய 240 சூரியன் உள்ளே போனால்தான் இந்த வெளிச்சம் வரும். ஒன்றரை நாளுக்கு ஒரு சூரியன்!

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. தின்னும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு, எடிங்டன் எல்லை என்று பெயர். ஒளிக்குத் தள்ளும் சக்தி இருக்கிறது. அதிகமாகத் தின்றால் அதிகமாக ஒளிரும், ஒரு கட்டத்தில் அந்த ஒளியே வரும் வாயுவை வெளியே தள்ள ஆரம்பிக்கும். வரம்பு கருந்துளையின் எடைக்கு ஏற்ப உயரும், அதனால் வளர்ச்சி வட்டிக்கு வட்டி மாதிரி. எல்லையிலேயே விடாமல் தின்றால் சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுக்கு ஒருமுறை எடை இரட்டிக்கும். நூறு சூரியன் எடையில் தொடங்கி 400 கோடிக்கு வர 25 முறை இரட்டிக்க வேண்டும், கிட்டத்தட்ட 90 கோடி ஆண்டு. டபிள்யூ2246 இருக்கும் காலத்தில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 130 கோடி. ஏதோ சமாளித்துவிடலாம், ஆனால் ஒருவேளைகூடச் சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது. இன்னும் முந்தி, பிரபஞ்சத்துக்கு 67 கோடி வயதே ஆன காலத்தில் 160 கோடி சூரியன் எடையில் ஒரு குவேசார் இருக்கிறது, ஜே0313-1806 என்று பெயர். அதற்கு இந்த வட்டிக் கணக்கு எப்படிப் போட்டாலும் கட்டுப்படியாகாது. போட்ட முதல், அதாவது தொடக்க எடை, பெரிதாக இருந்திருக்க வேண்டும், அல்லது எல்லையை மீறித் தின்றிருக்க வேண்டும்.

மீற முடியுமா என்றால், முடியும் போலிருக்கிறது. டபிள்யூ2246 தன் எல்லையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு ஒளிர்கிறது. 2024இல் வெளிவந்த எல்ஐடி-568 இன்னும் மோசம்: சந்திராவின் எக்ஸ் கதிர்ப் படத்தில் பளிச்சென்று, சாதாரண ஒளியில் ஆளே இல்லாமல் இருந்த ஒன்றை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பார்த்தார்கள். கருந்துளை 72 லட்சம் சூரியன்தான், இந்த வர்க்கத்தில் குழந்தை. தின்பதோ எல்லையைப் போல் சுமார் 40 மடங்கு. எல்லை என்பது வாயு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வந்து விழுகிறது என்ற ஊகத்தில் போட்ட கணக்கு. தடித்த தட்டாக வந்தால் ஒளி மேலும் கீழும் தப்பித்துப் போய்விடும், பக்கவாட்டில் வாயு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவு வேகம் வெகுகாலம் நீடிக்காது, விட்டு விட்டு வரும் வெறி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஏன் தூசு இருக்கும் இடத்தில் வளர்கிறது? திருப்பிக் கேட்க வேண்டும்: வளரும் இடத்தில் ஏன் தூசு? கருந்துளைக்குச் சாப்பாடு வாயு, வாயு வந்தால் கூடவே நூறில் ஒரு பங்கு தூசு வரும், பருப்போடு வரும் கல் மாதிரி. வாயு சும்மா உள்ளே வராது, அதன் சுழற்சியைப் பிடுங்க வேண்டும். அதற்கு இரண்டு கேலக்சி மோதுவதைப் போல வசதியான வழி வேறில்லை. ஈர்ப்பு இழுபறியில் வாயு சுழற்சியை இழந்து மையத்தில் போய்க் குவிகிறது, அங்கே விண்மீன்கள் கொத்தாகப் பிறக்கின்றன, அவை இன்னும் தூசைக் கக்குகின்றன, நடுவில் கருந்துளைக்குப் பந்தி. 1988இல் வானியலாளர் டேவ் சாண்டர்ஸும் சகாக்களும் ஐராஸ் கேலக்சிகளை வைத்துச் சொன்னது இதுதான்: முதலில் மோதல், பிறகு தூசுக்குள் வளர்ச்சி, பிறகு தூசை ஊதித் தள்ளிவிட்டுக் குவேசாராக வெளிப்படுதல். டபிள்யூ2246ஐச் சிலியின் ஆல்மா தொலைநோக்கியால் பார்த்து 2018இல் வெளியிட்ட படத்தில், மூன்று சின்னக் கேலக்சிகளிலிருந்து அதை நோக்கித் தூசுப் பாலங்கள் நீள்வது தெரிகிறது. மூன்று பக்கமும் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கிறது.

ஊதித் தள்ளுவதற்கு அந்தத் தூசே உதவுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். எடிங்டன் கணக்கில் ஒளி தள்ளுவது எலக்ட்ரான்களை. தூசுத் துகள் எலக்ட்ரானைவிடப் பல மடங்கு நன்றாக ஒளியைப் பிடிக்கும், காற்றுக்கு விரித்த பாய் மாதிரி. அதனால் தூசு கலந்த வாயுவைத் தள்ள எல்லைவரை போகத் தேவையில்லை, அதில் சில சதவீதம் ஒளிர்ந்தாலே போதும். அருகிலுள்ள கருந்துளைகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது: அந்தச் சில சதவீதத்தைத் தாண்டியவற்றில் திரை போட்டவை சட்டென்று குறைகின்றன. அப்படியானால் ஹாட் டாக்குகள் எப்படித் திரையோடு இருக்கின்றன? திரை மிகக் கனம், தள்ளத் தள்ள மேலும் வந்து விழுகிறது. ஆனாலும் டபிள்யூ2246இன் வாயு கேலக்சி முழுக்கக் கொதித்துக் கலங்கிக்கொண்டிருப்பதை ஆல்மா பார்த்திருக்கிறது, உலைமூடி தடதடவென்று ஆடுகிற நிலை. மூடி பாதி திறந்த கேஸும் உண்டு, ஜிஎன்-இசட்7க்யூ என்று பெயர், பெருவெடிப்புக்கு 75 கோடி ஆண்டு கழித்து. ஆண்டுக்கு 1600 சூரியன் எடைக்கு விண்மீன் பிறக்கும் தூசுக் கேலக்சியின் நடுவில் சிவந்த ஒரு புள்ளி. ஹபிள் எப்போதோ எடுத்துவைத்த, எல்லோரும் சலித்துத் தீர்த்த வானத் துண்டில்தான் இது உட்கார்ந்திருந்தது. 2022இல்தான் அடையாளம் கண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மறைந்தவை எல்லாமே வளரும் பருவத்தில் இருப்பவை என்று சொல்லிவிடக்கூடாது. சில வெறும் கோண விவகாரம். டிசம்பரில் என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் என்ஜிசி 1068ஐக் காட்டினால் பார்ப்பவர்கள் "இதுவா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள், பஞ்சுத்துண்டு மாதிரி இருக்கும். அதன் கருந்துளையைச் சுற்றி வடை மாதிரி ஒரு தூசு வளையம், நாம் வடையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், ஓட்டை தெரியவில்லை. 1985இல் அன்டோனுச்சி, மில்லர் என்ற இரண்டு வானியலாளர்கள் அதன் முனைவாக்கப்பட்ட (ஒரே திசையில் அதிரும்) ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, மேலே மிதக்கும் எலக்ட்ரான்களில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த குவேசார் அடையாளம் அப்படியே இருந்தது. கண்ணாடியில் அடுத்த அறையைப் பார்த்த கதை.

கடைசியாக, என்னையே திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. ஜேம்ஸ் வெப் 2022 முதல் இளம் பிரபஞ்சத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டிவருகிறது. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அகலமான ஹைட்ரஜன் கோடுகள் இருந்தன, வாயு வெகுவேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம், கருந்துளை என்றார்கள். சிவப்பாக இருந்தன, தூசு என்றார்கள். இதே கேள்வியை 2023இல் கேட்டிருந்தால் இவற்றையும் நான் நீறு பூத்த நெருப்புக் கணக்கில் சேர்த்திருப்பேன். ஆனால் கையை நீட்டிப் பார்த்தால் சூடு வரவில்லை. தூசு விழுங்கியிருந்தால் நீள அலைகளில் வந்தாக வேண்டிய வெப்பம் இல்லை, எக்ஸ் கதிரும் பெரும்பாலும் இல்லை. 2025இல் அவற்றில் ஒன்றின் நிறமாலையில், புற ஊதா ஓரத்தில் செங்குத்தாக ஒரு வீழ்ச்சி தெரிந்தது. பெயரே கிளிஃப், செங்குத்துப் பாறை. விண்மீன்களாலோ தூசாலோ அப்படி ஒரு வீழ்ச்சியைக் கொண்டுவருவது கடினம். அடர்ந்த ஹைட்ரஜன் வாயு கருந்துளையைப் போர்வையாகச் சுற்றியிருந்தால் வரும். கருந்துளை விண்மீன் என்றுகூட இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், நடுவில் அணு உலைக்குப் பதில் கருந்துளை. இது சரியென்றால் அந்தப் புள்ளிகளில் பலவற்றுக்குத் தூசைக் கழித்துப் போட்ட பழைய எடைக் கணக்குகளைத் திரும்பப் போட வேண்டும், அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.